காலை 6.14 என்று காட்டிய அலைப் படம்

அனுப்புநர்:
அலைகளைப் படம் பிடிப்பவர்,
மாடி வீடு, கடற்கரைச் சாலையின் கடைசி வளைவு.

பெறுநர்:
மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
கடற்கரைப் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: அலைச்சறுக்குக் கடற்கரையின் உயிர்காப்பாளர் பணிநீக்கம் – அதற்கு ஆதாரமான படத்தின் நேரம் தவறு – படம் எடுத்த என் மீதே புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடலுக்குள் நீந்திச் சென்று, உடைகிற அலையை அதன் மடிப்புக்குள்ளிருந்தே படம் எடுப்பது என் தொழில். பதினோரு ஆண்டுகளாக இதே கடற்கரையில் எடுக்கிறேன். பணி நீக்கப்பட்ட உயிர்காப்பாளரைக் குளிக்க வருபவர்கள் "விசில் அண்ணன்" என்பார்கள். கடல் முரண்டு பிடிக்கும் நாட்களில் கோபுரத்திலிருந்து விசில் ஊதி, "போதும், வெளிய வாங்க சார், அலை நாளைக்கும் வரும்" என்று என்னைக் கரையேற்றியவர் அவர். அப்போதெல்லாம் எனக்கு அவர் மேல் எரிச்சல் வந்தது என்பதையும் மறைக்கவில்லை.

2. சென்ற மாதம் ஒன்பதாம் தேதி காலை, குளிக்க வந்த பள்ளி ஆசிரியர் ஒருவரைக் கடல் உள்ளே இழுத்துக்கொண்டது. காப்பாளர் நீந்திப் போய் அவரைக் கரை சேர்த்தார். ஆசிரியர் பிழைத்துக்கொண்டார், ஆனால் பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்தார். காப்பாளர் தாமதமாக வந்ததே காரணம் என்று ஆசிரியரின் அண்ணன் புகார் கொடுத்தார். ஆறு மணிக்கே கொடி ஏற்றி நாற்காலியில் அமர்ந்துவிட்டதாகவும், ஆறு இருபதுக்கு ஆசிரியரின் தலை தெரிந்ததும் குதித்ததாகவும் காப்பாளர் சொன்னார். வருகைப் பதிவேடு இருக்கும் அறையை எட்டு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதால், அவருக்கு அவர் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை.

3. அன்று காலை நான் எடுத்த ஒரு படத்தை மதியமே இணையத்தில் போட்டிருந்தேன். உச்சியில் வெயில் பட்டு மடிகிற அலை; அதன் ஓரத்தில், நிழலில், காவல் கோபுரம். நாற்காலி காலி. கொடி இல்லை. ஆசிரியரின் அண்ணன் மூலப் படத்தைக் கேட்டார், கொடுத்தேன். அதில் பதிவாகியிருந்த நேரம் காலை 6.14.

4. விசாரணை அறையில் அந்தப் படத்தைச் சுவர் அகலத்துக்குப் பெரிதாக்கிக் காட்டினார்கள். ஐயா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒருவரின் பிழைப்பு அங்கே ஊசலாடிக்கொண்டிருந்தபோது, அலையின் விளிம்பு எவ்வளவு கூர்மையாக விழுந்திருக்கிறது என்று நான் ரசித்துக்கொண்டிருந்தேன். "இந்த நேரம் சரிதானா?" என்று விசாரணை அதிகாரி கேட்டார். "மனுஷன் தப்பாச் சொல்லலாம் சார், கேமரா சொல்லாது" என்றேன். சிலர் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையில், ஆசிரியரை மீட்டபோது நான் வடகோடியில் கரையேறி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன்; எதையும் பார்க்கவில்லை.

5. தவறு நடந்த விதம் பின்வருமாறு. கேமராவை நீர் புகாத பெட்டிக்குள் வைத்து, ரப்பர் வளையத்தில் கிரீஸ் தடவி, வீட்டிலேயே மூடிவிடுவேன். ஒரு மணல் துகள் சிக்கினாலும் தண்ணீர் கசிந்துவிடும். சம்பவத்துக்கு இரண்டு நாள் முன்பு அப்படித்தான் கசிந்தது. பேட்டரிகளையெல்லாம் கழற்றிக் காயவைத்ததில் கேமராவின் கடிகாரம் அழிந்துபோனது. கையெல்லாம் கிரீஸ், கைபேசியைத் தொட மனமில்லை. நிமிர்ந்து பார்த்து, கூடத்துச் சுவர்க் கடிகாரம் காட்டிய நேரத்தையே வைத்து மூடிவிட்டேன்.

6. அந்தச் சுவர்க் கடிகாரம் இருபத்தைந்து நிமிடம் வேகம். பிள்ளைகள் பள்ளிப் பேருந்தைத் தவறவிடக்கூடாது என்று என் மனைவி அப்படி வைத்திருக்கிறார். கழித்துப் பார்த்தே பழகிய எங்களுக்கு, கழிக்கிறோம் என்ற நினைவே இருப்பதில்லை. சென்ற ஞாயிறு வீட்டுக்கு வந்திருந்த என் அக்கா, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு "ஐயோ, ரயில் போயிருக்குமே" என்று செருப்பைத் தேடினார். "பதறாதீங்க அண்ணி, நம்ம வீட்டுக் கடிகாரம் எப்பவும் இருபத்தஞ்சு நிமிஷம் முன்னாடிதான் ஓடும்" என்று என் மனைவி சிரித்தார். அந்த நேரத்தைப் பார்த்துத்தான் கேமராவில் வைத்தேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

7. உடனே கேமராவைக் கைபேசியோடு ஒப்பிட்டேன். இருபத்தைந்து நிமிடம் வேகம். எனவே அந்தப் படம் எடுக்கப்பட்டது 5.49-க்கு. பணி தொடங்குவது ஆறு மணிக்கு. நாற்காலி காலியாக இருக்க வேண்டிய நேரத்தில் காலியாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். ஐயா, இதற்குக் கடிகாரமே தேவையில்லை. தென்கோடிக் குன்றின் நிழல் ஆறு மணிக்கெல்லாம் கரையை விட்டு விலகிவிடும். அலை வெயிலிலும் கோபுரம் நிழலிலும் இருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் நான் தினமும் விடிந்ததும் தண்ணீரில் இறங்குகிறேன். சுவர் அகலத்துக்குக் காட்டிய படத்தில் அந்த நிழல் கண் முன்னே இருந்தது. அந்த அறையில் அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான்.

8. ஒதுக்கிவைத்த படங்களையும் தேடினேன். அன்று கரைக்குத் திரும்புமுன் எடுத்த கடைசிப் படம், பெட்டியின் கண்ணாடியில் துளி நின்று மங்கியது. 6.31 என்று காட்டுகிறது, உண்மையில் 6.06. கோபுரத்தில் கொடி பறக்கிறது, நாற்காலியில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அழகாக வரவில்லை என்று நான் யாருக்கும் காட்டாத படம் அது.

9. மறுநாளே காப்பாளரின் வீட்டுக்குப் போனேன். இப்போது மரச்சாமான் கிடங்கில் பாரம் இறக்குகிறார். நடந்ததையெல்லாம் சொன்னேன், காலில் விழாத குறை. மங்கிய படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யாரா வேணா இருக்கலாம் சார். அந்தப் பெரிய படத்துல நானே பார்த்தேனே, நாற்காலி காலிதான். அன்னிக்கு எப்படியோ அசந்துட்டேன். என்மேல இரக்கப்பட்டு நீங்க பொய் சொல்ல வேண்டாம்" என்றார். ஆசிரியரின் வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டுவிட்டாராம். "அன்னிக்கு நான் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன்?" என்று கணவர் தினமும் தன்னைக் கேட்பதாக அவர் மனைவி சொன்னார். "நானும் தினமும் அஞ்சு மணின்னுதான் சொல்றேன், நம்ப மாட்டேங்கிறார்" என்று அழுதார். என் படத்தை நம்பி அந்த மனிதர் தன் நினைவைக் கைவிட்டுவிட்டார்.

10. ஆகவே, என் வாக்குமூலத்தை நீக்கி, இரு படங்களையும் என் கேமராவையும் தாங்களே சோதிக்க வேண்டுகிறேன். வரும் முதல் தேதி அவர் இடத்தில் வேறொருவரை நியமிக்கவிருப்பதாக அறிகிறேன். அதற்குள் அவரைப் பணியில் சேர்க்க வேண்டுகிறேன். ஆராயாமல் சாட்சி சொன்ன எனக்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்கிறேன்.

11. வேலையை மட்டும் திருப்பிக் கொடுத்தால், பாவம் பார்த்துக் கொடுத்தார்கள் என்றே அவர் நினைப்பார். நான் சொல்லி அவர் நம்பவில்லை, மனைவி சொல்லியும் நம்பவில்லை. அலுவலக முத்திரையிட்ட கடிதம் என்றால் நம்புவார். எனவே ஆணையில் வேறு எது இருந்தாலும், முதல் வரியாக இதை எழுதும்படி மன்றாடுகிறேன்: ஒன்பதாம் தேதி காலை நீங்கள் நேரத்துக்கு வந்திருந்தீர்கள்.

எனக்குப் பதில் வராவிட்டாலும் அவருக்குக் கடிதம் வர வேண்டும் என்று காத்திருக்கும்,

(ஒப்பம்)
படம் எடுத்தவர்

நாள்: இம்மாதம் பதினேழு
இடம்: கடற்கரைச் சாலை

இணைப்பு: படங்கள் இரண்டு, கேமரா ஒன்று.