பள்ளிக்கூடச் சுவரும் என் பீன்ஸ் தோட்டமும்

என் அன்பு மகள் ஜிஷாவுக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் இங்கே சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிரில் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்லுகிறேன். இதைப் போனில் சொன்னால் பாதியில் அறுந்துபோகும், நீயும் சிரித்தே கெடுத்துவிடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் எஸ்டேட் பள்ளிக்கூடத்தை இடிக்கவில்லை. இனி இடிக்கவும் மாட்டார்கள். ஜெயித்துவிட்டோம் ஜிஷா.

ஏப்ரலில் பஞ்சாயத்து இன்ஜினியர் வந்து பார்த்தது உனக்குத் தெரியும். மலைப் பக்கத்துச் சுவர் ஈரம் குடித்து வயிறு தள்ளி நிற்கிறது, நூறு வருஷக் கட்டிடம் இனித் தாங்காது, இடித்தாக வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். புதிதாகக் கட்டித் தருவதாக ஒரு வார்த்தை இல்லை. முப்பத்தொரு பிள்ளைகளும் ஜீப்பில் ஏழு கிலோமீட்டர் கீழே இறங்கிப் போய்ப் படிக்க வேண்டுமாம், அங்கே எல்லாம் மலையாளம்தான், தமிழ் வகுப்பே கிடையாது. லயத்து வீடுகளில் எல்லோரும் இன்ஜினியரைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன், எல்லோரையும்விடச் சத்தமாக.

மறுநாள் பீன்ஸ் பறிக்கப் போனபோதுதான் எனக்கு உண்மை உறைத்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், சுவருக்கும் சரிவுக்கும் நடுவில் நான் போட்டிருந்த தோட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு சாண் மண் சும்மா கிடந்தால் நமக்கெல்லாம் கை அரிக்குமே. அந்த இடத்தில் முன்பு ஒரு கான் இருந்தது, மேலேயிருந்து இறங்கும் மழைத்தண்ணீரைச் சுவரில் முட்டவிடாமல் ஓடைக்குக் கொண்டுபோகிற வாய்க்கால். நீ நர்ஸிங் படிக்கப் போன வருஷம் அதில் மண்ணைப் போட்டு மூடி விதை ஊன்றியவள் நான்தான். முப்பது வருஷம் தேயிலைக்காட்டில் கான் ஓரமாகவே நடந்தவளுக்கு அந்தப் புத்தி வரவில்லை பார். பத்து மழைக்காலத் தண்ணீரும் என் பீன்ஸை நனைத்துவிட்டு நேரே சுவருக்குள் போயிருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு, யாருக்கும் தெரியாது என்றார். எப்படிச் சும்மா இருப்பது? பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, சுவரைக் கெடுத்தவள் நான், கானைத் திறந்தால் சுவர் பிழைக்கும் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுச் சுருளியம்மாள்தான் முதலில், ஏண்டி சந்தனம், பத்து வருசமா உன் பீன்ஸத் தின்னது நாங்கதான, பாவத்துல எங்களுக்கும் பங்கு உண்டு, எடு மம்பட்டிய என்றாள். ஆனந்தி டீச்சர் பஞ்சாயத்து ஆபீசில் நின்று மே கடைசி வரை தவணை வாங்கி வந்தாள். பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு ஒன்பது சாயங்காலம், பதினாறு பெண்கள் வெட்டினோம். முதல் கொடியை நானே பிடுங்கினேன். மூன்றடிக்குக் கீழே கல் பாவிய பழைய கான் அப்படியே கிடந்தது. அப்பாவும் நொண்டிக்கொண்டே வந்து, ஒரு கொத்தனாரோடு சேர்ந்து, சுவரில் தள்ளியிருந்த கல்லையெல்லாம் பிரித்து அதே கல்லால் திரும்பக் கட்டினார்.

மே கடைசியில் நல்ல மழையில் இன்ஜினியர் வந்தார். வகுப்புக்குள்ளே போய்ச் சுவரில் கையை வைத்தார். தள்ளிப்போய் இன்னொரு இடத்தில் வைத்தார். கையைத் திருப்பிப் பார்த்தார், ஈரம் இல்லை. பின்பக்கம் போய்க் கானில் தண்ணீர் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், இதை நான் பார்க்காமல் விட்டேனே என்று மலையாளத்தில் சொன்னார். பிள்ளைகள் உட்காரலாம் என்று அங்கேயே சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். போன வாரம் பஞ்சாயத்தும் இந்தக் கட்டிடத்தை இடிக்கக் கூடாது, பழமை மாறாமல் காக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டது.

பள்ளி திறந்த அன்று முதல் மணியை என்னை அடிக்கச் சொன்னாள் டீச்சர். எனக்கு என்ன யோக்கியதை என்று பின்வாங்கினேன். சுருளியம்மாள் விடுவாளா, இடிக்கப் பாத்தவளே அடிக்கட்டும், அப்பத்தான் சுவருக்குப் பயம் தெளியும் என்றாள். அடித்தேன் ஜிஷா. முப்பத்தொரு பிள்ளைகளும் ஓடிப்போய் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். நான் வாசலில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன்.

நைட் டியூட்டி முடிந்து வந்து சாப்பிடாமல் படுக்காதே. மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். டிசம்பர் டிக்கெட்டைச் சீக்கிரம் போடு. பேரன் ஒரு நாளாவது ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து போகட்டும் என்று டீச்சரிடம் கேட்டேன். தாராளமாக உட்காரட்டும், கட்டிடம் எங்கே போகப்போகிறது என்றாள்.

உன் அம்மா,
சந்தனமேரி பவுல்ராஜ்