ஒன்பது மணி குளோசப்

மார்ச் 6, 1973, செவ்வாய்

மளிகைக் கடையில் ஒரு பெண்மணி வழியை மறித்துக்கொண்டாள். "உங்களை எங்கியோ பாத்திருக்கேனே! எங்க வீட்டுக்குக் குழாய் ரிப்பேர் பண்ண வந்தீங்கல்ல?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதுதான் சுலபம். போன மாதம் ஒருவர் என்னைத் தன் மகனின் கணக்கு வாத்தியார் என்று நினைத்துச் சண்டைக்கே வந்துவிட்டார்.

இருபத்தேழு வருடம், நூற்றுப் பதினெட்டுப் படம். ஷெரிஃப், பாதிரியார், பேங்க் மேனேஜர், குதிரைத் திருடன். நாற்பத்தொரு தடவை செத்திருக்கிறேன், அதில் மூன்று தடவை தூக்கில். முகம் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஹார்லன் புரூவிட் யார் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது.

மதியம் ஏஜென்ட் மார்ட் போன் செய்தான். "உக்காந்துக்கோ. கிராண்ட் மேடக்ஸுக்கு அப்பா வேஷம். ஒரே சீன்தான். ஆனா ஒன்றரைப் பக்கமும் உன் வசனம்." கிராண்ட்தான் இப்போது நம்பர் ஒன் ஹீரோ. மூத்த மகனைப் போலீஸில் காட்டிக்கொடுத்தது தான்தான் என்று இளைய மகனிடம் ஒப்புக்கொள்ளும் கிழவனாக நான். இத்தனை வருடத்தில் என் முகத்துக்கு முன்னால் கேமரா ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல் நின்றதில்லை. இந்த முறை நிற்கும்.

மார்ச் 11

லொரீன் துணி தேய்த்துக்கொண்டே கிராண்டின் வசனங்களைப் படித்தாள். கன்னம் ஒட்டினால் நன்றாக இருக்குமே என்று பல்செட்டைக் கழற்றிவிட்டுப் பேசிப் பார்த்தேன். "முப்பத்துநாலு வருஷமா உன்கூட குடித்தனம் பண்றேன், எனக்கே ஒரு வார்த்தை புரியல" என்றாள். பல்லை மாட்டிக்கொண்டேன். பதினாறு தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. பதினேழாவது தடவை அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டாள்.

மார்ச் 19

கெட்டது. நானே கெடுத்தேன்.

பண்ணையில் மாட்டுக்கொட்டகைக்குள் படப்பிடிப்பு. முதலில் தூரத்து ஷாட். கேமரா வாசலில், நாங்கள் இருவரும் கடைசி மூலையில். திரையில் என் முகம் கட்டைவிரல் நகம் அளவுதான் வரும். அங்கே போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கண்ணீர் தானாகவே வந்தது. விளக்குக்காரர்கள் அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, முட்டாளுக்கு!

அடுத்து கிராண்டின் குளோசப். நான் கேமராவுக்குப் பக்கத்தில், படத்தில் விழாமல் நின்று வசனம் கொடுக்க வேண்டும். அடுத்தவன் முகத்தை எடுக்கும்போது அரைமனதாக வசனம் கொடுப்பது திருட்டு என்று நினைப்பவன் நான். நாலு டேக். நாலிலும் முழுசாகக் கொடுத்தேன்.

ஐந்தரை மணி. இனி என் குளோசப். கிராண்ட் என் தோளைத் தட்டி, "பெரியவரே, பிரமாதம்" என்று காரில் ஏறிப் போய்விட்டான். அவன் அளவு நட்சத்திரம் மற்றவர் குளோசப்புக்கு நிற்க மாட்டான். அது இங்கே வழக்கம், யாரும் கேட்கவும் மாட்டார்கள். அவன் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு வெள்ளை டேப்பைப் பெருக்கல் குறி மாதிரி ஒட்டினார்கள். வசனத் தாளைச் சரிபார்க்கும் நாடின், அவன் வார்த்தைகளை பஸ் நேரம் அறிவிப்பதுபோல் வாசித்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

டேப்பைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கிணறு வற்றிவிட்டது. இரண்டாவது டேக்கும் அப்படியே. "இன்னொண்ணு எடுக்கலாமா?" என்றேன். "நல்லாத்தான் இருக்கு ஹார்லன். வெளிச்சம் போயிடுச்சுப்பா" என்றார் டைரக்டர். நல்லாத்தான்!

தூரத்து ஷாட்டில் பாதியைப் பையில் வைத்துக்கொள், குளோசப்புக்கு வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்? எனக்கு யார் சொல்வது?

மார்ச் 20

லொரீன் எப்படிப் போனது என்று கேட்டாள். "நல்லாத்தான்" என்றேன்.

செப்டம்பர் 28, வெள்ளி

படம் பார்த்தோம். என் பேச்சு முழுக்கத் திரையில் கிராண்டின் முகம். குரல் மட்டும் என்னுடையது, கேமராவுக்குப் பக்கத்தில் நின்று அவனுக்காகக் கொடுத்த குரல். கடைசியில் என் முதுகு வருகிறது. முன்வரிசைப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள்.

கார் நிறுத்துமிடத்தில் லொரீன், "அவ அழுதது உன் குரலைக் கேட்டுத்தான்" என்றாள்.

"பாத்தது அவன் மூஞ்சிய! என் மூஞ்சி எங்க போச்சு? வெட்டிக் குப்பையில போட்டுட்டாங்க!" என்று கத்திவிட்டேன். டிக்கெட் கொடுப்பவன் திரும்பிப் பார்த்தான். அவளிடம் போய்க் கத்தியிருக்கிறேனே, வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 9

கறிக்கடையில் அரைப் பவுண்டு ஈரலும் இரண்டு துண்டு பன்றிக்கறியும் கேட்டேன். எனக்கு முதுகு காட்டி நின்றிருந்த ஓர் அம்மாள் சட்டென்று திரும்பினாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை? ஈரலையா?"

"அந்தப் படத்துல மகனைக் காட்டிக்குடுத்த அப்பா... நீங்கதானே?" கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "உங்க பேர் என்ன சார்?"

இதுவரை யாரும் கேட்டதில்லை. எழுத்து எழுத்தாகச் சொன்னேன். பதினோரு வருடமாக எனக்குக் கறி வெட்டும் ஆள், "நீங்க குழாய் வேலை பாக்கறவருன்னுல்ல நெனச்சேன்!" என்றான்.

முகத்தைப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் அன்று கொடுத்தது வீண் போகவில்லை. ஆனால் முகத்தையும் நான் விடுவதாக இல்லை.

அக்டோபர் 12

மார்ட் போன். புதுப் படம், கிராமத்து டாக்டர், மூன்று சீன். டைரக்டர் என்னைப் பெயர் சொல்லிக் கேட்டாராம். பெரிய சீனில் என் குளோசப்பைக் காலையில் முதலில் எடுக்க வேண்டும், எதிரில் டேப் கூடாது, ஆள் நிற்க வேண்டும் என்றேன். என் வாழ்க்கையில் போட்ட முதல் நிபந்தனை.

"உனக்கு அறுபத்திரண்டு வயசு ஹார்லன். நிபந்தனை போடற வயசா இது?"

"இதுக்கு மேல எப்போ போடறது?"

"போச்சுன்னா?"

"போனாப் போகட்டும்."

போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். லொரீன் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

அக்டோபர் 15

போன் அடிக்கவில்லை. ஆனாலும் வசனம் பாடம் பண்ணுகிறேன்.

அக்டோபர் 17

ஒத்துக்கொண்டார்கள். "நீ கிறுக்கன், ஆனா ஜெயிச்சிட்டே" என்றான் மார்ட்.

நவம்பர் 14, புதன்

காலை ஒன்பது மணிக்குக் கேமரா என் முகத்துக்கு நேராக நின்றது. அதன் பக்கத்தில் கதாநாயகி கொரின் ஹேல், செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பழப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் பிழைக்க மாட்டான் என்று நான் சொல்ல வேண்டும். அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். ஒரே டேக். யாரும் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லவில்லை.

மதியத்துக்கு மேல் அவளுடைய குளோசப். "உங்க வேலை முடிஞ்சுது சார், நீங்க கிளம்பலாம்" என்றார் உதவி டைரக்டர். அதே பழப்பெட்டியில் போய் உட்கார்ந்தேன். ஆறு டேக். ஒன்றிலும் குறைவைக்கவில்லை.

வீடு வந்தபோது ஏழரை. தொண்டை கட்டிவிட்டது. எப்படிப் போனது என்று லொரீன் கேட்டாள். பேச முடியாமல் என் முகத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு உப்புத்தண்ணீர் காய்ச்சப் போனாள்.