கருவேப்பிலை துளிர்த்துவிட்டது

அப்பா,

லோரியை நிறுத்திவிட்டு வந்ததும் நேராக ஹால் ஜன்னல் ஓரம் போய்ப் பாருங்கள். தொட்டியில் கருவேப்பிலை தழைத்து நிற்கிறது. கற்பூரவள்ளியும் நிமிர்ந்துவிட்டது.

"டிகிரி வாங்கிட்டு வந்து குழாய் போட்டு செடிய கொன்னுட்டா லா" என்று கீழ்வீட்டு ஃபஹீமா ஆன்டியிடம் சொல்லிச் சிரித்தீர்களே, கொன்றது என் சொட்டுக் குழாய் இல்லை. குழாய்க்காக அலமாரி மேல் வைத்திருக்கிற வாளியில் வெறும் பைப் தண்ணிதான் ஊற்றணும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். நீங்கள் சத்து என்று அரிசி கழுவின தண்ணியை ஊற்றியிருக்கிறீர்கள். குழாய் முனை எல்லாம் கஞ்சிப் பசை. சொட்டு எப்படி இறங்கும்?

நீங்கள் ஜொகூருக்கு லோட் ஏற்றிப் போன அன்றைக்கே எல்லாவற்றையும் பிரித்து, ஊசியால் குத்திக் கழுவி மாட்டினேன். அதற்கப்புறம் ஒரு செடிக்கும் நான் கையால் தண்ணி ஊற்றவில்லை. அத்தனையும் குழாய் பார்த்துக்கொண்டது.

சாயங்காலம் ஆன்டி மீன் கறிக்கு இலை கேட்டு வருவார். ஒரு கொத்து ஒடித்துக் கொடுங்கள். என் மகள் போட்ட குழாயில் வளர்ந்தது என்று உங்கள் வாயால் சொல்லிக் கொடுங்கள். சொன்னீர்களா என்று அவரிடம் கேட்பேன்.

சோறு குக்கரில், கோழி ஃப்ரிட்ஜில். சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். செமினி டவுனில் வேலை, வர லேட்டாகும்.

மலர்விழி

கிரில் கதவை உள்ளே பூட்டாதீர்கள், நான் சாவி எடுக்கவில்லை.

அரிசித் தண்ணியைக் கொட்ட உங்களுக்கு மனசு வராது. வாசல் ரோஜாவுக்குக் குழாய் போடாமல் விட்டிருக்கிறேன். அது உங்களுக்கு.