காலியாக வந்தால் குலுங்கும் வண்டி

இன்று காலை திரிங்காப் ஏற்றத்தில் முன்கண்ணாடி முழுக்கப் பனி படிந்துவிட்டது. துடைத்துத் துடைத்து அலுத்துப்போய்ச் சூட்டுக் காற்றைத் திறந்தேன். காற்றோடு உன் தைலம் வந்தது. இடதுபக்கத் துவாரத்தில் நீ விரலால் தொட்டுத் தொட்டுப் பூசிவைத்த அதே தைலம். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, இது மட்டும் போகமாட்டேன் என்கிறது. ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்த காய்கறி லோரிக்காரன் ஹார்ன் அடித்து, எட்டிப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நான் நிறுத்திய இடம் அப்படி.

நீ இதைப் படிக்கப்போவதில்லை என்று தெரியும். எங்கேயோ இருந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பாய் என்று கோயிலில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோன்றினால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஆனாலும் இந்த வண்டியைப் பற்றிப் பேச உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? என் மனைவிக்கு இது இரும்பு. என் பிள்ளைகளுக்குப் பழைய இரும்பு.

ஒரே எஸ்டேட் லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தோம். நீ எஸ்டேட்டிலேயே தங்கி, தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர் ஆனாய். நான் வெளியேறி திரிங்காப் சரிவில் ஒரு துண்டு நிலம் பிடித்து முட்டைகோஸ் போட்டேன். காய் ஏற்ற ஒரு பிக்கப் வாங்கலாம் என்று நான் சொன்னதும் நீயும் பாதிக்குப் பாதி பங்கு போட்டாய். லைசென்ஸ் இல்லாதவன் வண்டி வாங்குகிறான் என்று லயமே சிரித்தது. நீ கவலைப்படவில்லை. மாரியம்மன் கோயில் வாசலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பானட்டில் சந்தனம் அப்பி, இடதுபக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "டிரைவர், போலாம் லா" என்றாய். அன்றிலிருந்து அந்த சீட் உன்னுடையது. நான் எப்போது கியர் மாற்றவேண்டும், எந்த லோரியை முந்தக்கூடாது, எல்லாம் அங்கிருந்துதான் உத்தரவு வரும். சகிக்கமுடியாத ஆள் நீ.

மறுநாளே என்னைக் கம்போங் ராஜா பட்டறைக்கு இழுத்துப்போனாய். பின்சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையில் இன்னொன்று கூடுதலாகப் போடவேண்டும் என்றாய். முட்டைகோஸ் ஏற்றினால் பின்பக்கம் குந்திக்கொள்ளும், ஏற்றத்தில் மூக்கைத் தூக்கும் என்பது உன் வாதம். புது வண்டியில் கைவைக்காதே, காலியாக ஓட்டினால் குலுக்கி எடுத்துவிடும் என்று பட்டறைச் சீனர் சொன்னார். "நாங்க எங்க காலியா ஓட்டப்போறோம்" என்றாய் நீ. பட்டை ஏறியது. நம் பக்கத்து ஆட்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. காய் ஏற்றுகிறவனுக்கு வேறு நினைப்பு வராது.

இத்தனை வருஷம் வைத்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இஞ்சினைக் குறை சொல்லமுடியாது. மழைச் சேற்றில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது எருமை மாதிரி ஏறும். கிளட்ச் மாற்றினோம், பிரேக் அடிக்கடி மாற்றினோம், அதெல்லாம் இந்த மலையில் எல்லா வண்டிக்கும் உள்ளது. கோழிச் சாணம் ஏற்றி ஏற்றிப் பின்தொட்டி அரித்துப்போனது. உன் பக்கத்துக் கதவுக் கண்ணாடி பாதியில் நின்றுவிடும், நீ இரண்டு கையாலும் தூக்கிவிடுவாய். ஏற்றினால் மெத்தென்று போகும். காலியாக வந்தால் பல் கிட்டித்துப்போகும். அப்போதெல்லாம் நாம் அதைச் சொல்லிச் சிரித்தோம். காலி வண்டியில் நீ வேண்டுமென்றே வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, துப்பாமல் வீடு சேர்கிறேன் பார் என்று பந்தயம் கட்டுவாய். ஒரு தடவையும் ஜெயித்ததில்லை.

பிறகு உன் முதுகுவலி வந்தது. தொழிற்சாலையில் எதையோ தூக்கியதால் என்று நினைத்தோம். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, புற்று என்றார்கள், முதுகெலும்புக்கும் வந்துவிட்டது என்றார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் ஜன்னலைப் பார்த்தேன். அதன்பிறகு நம் வண்டிக்கு இருந்த ஒரே வேலை, உன்னை நோகாமல் கீழே கொண்டுபோய், நோகாமல் மேலே கொண்டுவருவது.

இறங்கும்போது பிரச்சினை இல்லை. தொட்டி நிறைய முட்டைகோஸ் ஏற்றிக்கொள்வேன். வண்டி சாதுவாகப் போகும், நீ சாய்ந்து தூங்கிக்கூட விடுவாய். மார்க்கெட்டில் காயை இறக்கியபின் திரும்பிவருவதுதான் கொடுமை. சின்னப் பள்ளத்துக்கும் வண்டி துள்ளும். நீ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பாய். முதல் தடவை வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது உன் சட்டை நனைந்திருந்தது. "சொந்தக் காசுல சூனியம் வெச்சிக்கிட்டேன்டா" என்று சிரித்தாய். பட்டையைக் கழற்றிவிடுகிறேன் என்றேன். கழற்றினால் காய் ஏற்றமுடியாது, காய் ஏற்றாவிட்டால் நீ என்னத்தைச் சாப்பிடுவாய் என்று கத்தினாய்.

சரி, திரும்பும்போதும் சுமை ஏற்றுவோம் என்று முடிவு செய்தோம். அடுத்த தடவை நான் புத்திசாலித்தனமாகக் கோழிச் சாணம் ஏற்றினேன், தோட்டத்துக்கும் ஆகும் என்று. வண்டி மெத்தென்றுதான் வந்தது. நீதான் வழியெல்லாம் வாந்தி எடுத்தாய். அன்றைக்குத்தான் அந்தத் தைலத்தைத் துவாரத்தில் பூச ஆரம்பித்தாய். முதுகு பிழைத்தது, மூக்கு செத்தது என்று உன் மனைவியிடம் சொல்லிச் சொல்லிக் காட்டினாய். அதற்குப்பிறகு மலையடிவாரத்தில் சிம்பாங் பூலாயில், கட்டடச் சாமான் விற்கும் இரும்புக்கடையில் நிறுத்தி மணல் மூட்டை வாங்கி ஏற்றினோம். ஒவ்வொரு பயணத்துக்கும் மணல். என் தோட்டக் கொட்டகை ஓரத்தில் மூட்டைகள் அடுக்கடுக்காக உயர்ந்தன. பங்களாவா கட்டப்போகிறீர்கள் என்று என் மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? அந்த மூட்டைகள் உயர உயர நீ இளைத்துக்கொண்டே வந்தாய்.

உன் மனைவி ஒரு தடவையும் நம்மோடு வரவில்லை. வளைவுகளில் அவளுக்கு வயிற்றைப் புரட்டிவிடும், டவுனுக்குப் போகவே பயப்படுவாள். ஈப்போவில் இருக்கும் உன் மகள்தான் ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்பாள். கடைசிப் பயணத்தன்று டாக்டர் என்னையும் மகளையும் தனியாகக் கூப்பிட்டு, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மகள் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, அப்பாவோடு நானும் மேலே வருகிறேன் என்று பின்சீட்டில் ஏறினாள். உன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டியிருக்கவும் இல்லை.

வழக்கம்போல இரும்புக்கடை முன்னால் நிறுத்தினேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"மண்ணு வேணாம்டா."

ஏன் என்றேன்.

"மருந்து குடுத்துருக்காங்க லா. வலி எங்கயோ தூரத்துல இருக்கு. கண்ணத் தொறக்கத்தான் முடியல. குலுங்குனாத்தான் ரோடு தெரியும். நீ ஓட்டு, எந்த எடம்னு நான் சொல்லிக்கிட்டே வரேன்."

ஓட்டினேன். ஆரம்பத்தில் நீ சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. இது சுண்ணாம்புக் குன்று, இது பாலம், இது நாம் டயர் மாற்றிய இடம். கண்ணை மூடிக்கொண்டு முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. மகள்கூடப் பின்னாலிருந்து, அடுத்தது என்னப்பா என்று கேட்டுக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரத்துக்கு நாம் மூன்று பேரும் எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டோம்.

பாதி மலையில் மருந்தின் வேகம் இறங்கிவிட்டது. நீ பேச்சை நிறுத்தினாய். நான் நடக்கிற வேகத்துக்கு வண்டியைக் குறைத்தேன், பின்னால் வரிசையாகக் கார்கள் ஹார்ன் அடித்தன. ஒரு பள்ளம், அது பள்ளம்கூட இல்லை, தாரில் ஒரு ஒட்டு. அதில் பின்சக்கரம் ஏறி இறங்கியபோது நீ "அம்மா" என்று கத்தினாய். சின்ன வயதிலிருந்து உன்னைத் தெரியும். நீ அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

மண்சரிந்து கிடந்த ஒரு ஓரத்தில் நிறுத்தினேன். பின்னால் காலிச் சாக்குகளும் மண்வெட்டியும் கிடந்தன. தூறலில் நின்று அந்தச் செம்மண்ணை வெட்டிச் சாக்கில் அள்ளினேன். அள்ளியது பாதி, சிந்தியது பாதி. மகள் உன்னைத் தோளோடு அணைத்துக்கொண்டு, "சீக்கிரம் மாமா, சீக்கிரம் மாமா" என்றாள். எவ்வளவு போட்டேனோ தெரியாது, பின்பக்கம் இறங்கிக் கொடுக்கிறவரை போட்டேன். அப்புறம் வண்டி குலுங்கவில்லை. நீயும் கத்தவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

கம்போங் ராஜா வந்தது. எஸ்டேட் ரோட்டில் திரும்பினோம். "டேய், நம்ம ரோடு வந்துருச்சுடா" என்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. நம் எஸ்டேட் ரோட்டின் பள்ளம் ஒவ்வொன்றும் உனக்கு மனப்பாடம். ஒன்றுகூட உனக்குத் தெரியாதபடி நான் மண்ணை ஏற்றி வைத்திருந்தேன். வீட்டில் தூக்கிக் கிடத்தினோம். உன் மனைவி உன் காதருகே குனிந்து, வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நீ கண்ணைத் திறக்கவேயில்லை. அந்த வாரமே போய்விட்டாய். வீடு வந்து சேர்ந்தது உனக்குத் தெரியுமா, தெரியாதா? இதைத்தான் நான் யாரிடமும் கேட்கமுடியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே சொல்லும்படி நல்ல செய்தி எதுவும் இல்லை. தோட்டத்து நிலத்துக்கு அனுமதியைப் புதுப்பிக்கமாட்டோம் என்று நில அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். கடைசி முட்டைகோஸ் போன மாதம் இறங்கிவிட்டது. மணல் மூட்டைகள் மழையில் கிழிந்து, அவற்றின்மேல் புல் முளைத்திருக்கிறது. இனிமேல்தான் காய் ஏற்றப்போவதில்லையே, அந்தக் கூடுதல் பட்டையைக் கழற்றிவிடட்டுமா, சொகுசாகப் போகும் என்று பட்டறைச் சீனர் கேட்டார். வேண்டாம் என்றேன். உனக்குக் கிடைக்காத சொகுசு எனக்கெதற்கு?

உன் வீட்டையும் எஸ்டேட் திரும்பக் கேட்டுவிட்டது. வேலைக்கு ஆளில்லாத வீட்டை எத்தனை நாள் விட்டுவைப்பார்கள்? உன் மனைவி மகளோடு போய் இருப்பது என்று முடிவாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை நான்தான் போய் ஏற்றினேன். கட்டில், இரும்பு பீரோ, தையல் மெஷின், அம்மி, நீ கிடந்த மெத்தை, சாமிப் படங்கள், சட்டி பானை. எல்லாம் கட்டி முடித்தபோது வண்டி பின்னால் நன்றாக அமுங்கியிருந்தது. லயத்துப் பெண்கள் அழுதார்கள். உன் மனைவி அழவில்லை. ஒரு கையில் பிளாஸ்டிக் பையும் இன்னொரு கையில் எலுமிச்சம்பழமுமாக உன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வாந்தி வந்தால் சொல்லம்மா, நிறுத்துகிறேன் என்றேன்.

வாந்தி வரவில்லை. பாதி மலை இறங்கியதும் பழத்தை முகர்வதை நிறுத்திவிட்டாள். வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள், என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்ணே, வண்டி மெத்துன்னுதானே போகுது. அன்னைக்கு அவரு அம்மான்னு கத்துனாருன்னு பொண்ணு சொல்லுச்சே. ஏன் கத்துனாரு?"

பின்னால் உன் வீடே இருந்தது. அவ்வளவு கனத்தில் எந்த வண்டி குலுங்கும்?

"ரோட்ட இப்பத்தாம்மா நல்லா போட்டாங்க" என்றேன்.

அவள் தலையாட்டினாள். சாமான்களை இறக்கிவைத்து, அவள் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, காலி வண்டியோடு தனியாக மலையேறினேன். எல்லாப் பள்ளமும் அங்கேயே இருந்தது.