இரண்டாம் வரிசையில் நான்காவது ஆள்

ஆகஸ்ட் 5, 2025. செவ்வாய்

பிரஸ்ஸிலிருந்து பைல் திரும்பி வந்துவிட்டது. காரணம் ஒரே வரி: "பக்கம் 93, படம் ரெசல்யூஷன் போதாது. மாற்றி அனுப்பவும்."

எனக்குத் தெரியாதா? பதினாலு வருஷம் வெளிநாட்டுப் புத்தகங்களுக்குக் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டிக் கொடுத்தவள் நான். மார்ச்சில் கம்பெனி எங்கள் பிரிவையே மூடிவிட்டு, இனி சாஃப்ட்வேரே செய்யும் என்று எங்களை வீட்டுக்கு அனுப்பியது. அதற்குப் பிறகு என் பெயருக்கு வந்த முதல் புத்தகம் இது. ஜானகிராமன் ஐயா மூடிப்போன மில்லில் குமாஸ்தாவாக இருந்தவர். அங்கே வேலை செய்தவர்களைப் பற்றி ஏழு வருஷம் தேடி எழுதியிருக்கிறார். 31ஆம் தேதி வெளியீடு.

93ஆம் பக்கத்தில் 1987இல் நெசவுப் பிரிவு மொத்தமும் நின்று எடுத்த படம். முப்பத்தெட்டு பேர். மேஸ்திரி சூசைநாதன் பிரான்சுக்குப் போகும்போது கூடவே எடுத்துப் போய்விட்டாராம். அவர் இறந்த பிறகு மகன் ரெக்ஸ் செல்போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது மட்டும்தான் நம்மிடம் இருக்கிறது. பெரிதாக்கினால் முகம் இருக்கிற இடத்தில் எல்லாம் கட்டம் கட்டமாகச் சாம்பல்.

ஆகஸ்ட் 6

அசல் படத்தைக் கேட்டு ரெக்ஸுக்கு மூன்று மெசேஜ். பதில் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

படம் தயார்! பழைய படங்களைத் தெளிவாக்கும் ஒரு சாஃப்ட்வேரில் போட்டேன். நாலே நிமிஷம். கண், மூக்கு, மீசை, சட்டைப் பொத்தான் வரை வந்துவிட்டது. அச்சுக்கு முன் பைலைச் சரிபார்க்கும் பரிசோதனையில் எல்லாம் பச்சை விளக்கு. கம்பெனியில் பச்சை விழுந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பைலுக்குப் போய்விடுவோம். இங்கேயும் போனேன்.

என் வேலையைப் பிடுங்கிய சனியன் எனக்கே ஒரு வேலை செய்து கொடுத்திருக்கிறது. இருக்கட்டும்.

ஆகஸ்ட் 9, சனி

ஐயா ஒரு அம்மாவை அழைத்து வந்தார். பெயர் ஆயம்மா. ஐம்பத்தெட்டு வயது, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. கணவர் அம்மாவாசை அந்தப் படத்தில் இரண்டாம் வரிசையில் நான்காவது ஆள். கல்யாணமாகி மூன்று வருஷத்தில், 89இல் இறந்துவிட்டார். 2011 தானே புயலில் கூரை பறந்தபோது வீட்டிலிருந்த இரண்டு படமும் போய்விட்டன. பதினாலு வருஷமாக இந்த அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்கிறார்.

கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினேன். திரைக்குக் கிட்டே வந்து பார்த்தார். பிறகு திரையில் கை வைத்தார்.

"எனக்கு ஒண்ணு எடுத்துத் தருவியாம்மா?"

அந்த ஒரு முகத்தை மட்டும் தனியாக வெட்டி, நல்ல தாளில் அச்சு எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டார். மார்ச்சுக்குப் பிறகு இன்றுதான் நான் உருப்படியாக ஏதோ செய்ததாகத் தோன்றியது.

ஆகஸ்ட் 14

பைல் பிரஸ்ஸுக்குப் போய்விட்டது. ஐயா ஆபீஸ் ஆள், தறியில் நின்றவர்களின் முகம் அவருக்குப் பழக்கமில்லை; பார்த்துச் சரி என்றார். நாளை மாதா திருநாள் பூசை. சந்தோஷமாகப் போகலாம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பைண்டிங் பட்டறைக்குப் போனேன். ஏன் போனேன்? போகாமல் இருந்திருந்தால்?

பட்டறைக்காரர் தேவதாஸ் அண்ணன். அவரும் அந்த மில்லில் இருந்தவர் என்று எனக்குத் தெரியாது. அச்சான தாளை மடித்துக்கொண்டே இருந்தவர் 93ஆம் பக்கத்தில் நின்றுவிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ரெண்டாவது வரிசைல அஞ்சாவது தேவதாஸ்னு போட்டிருக்குதே. அது நானு. இது யாரும்மா?"

"நீங்கதாண்ணே. சின்ன வயசு..."

"எனக்கு அப்ப மீசையே மொளைக்கல."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. விரலைப் பக்கத்து முகத்துக்கு நகர்த்தினார்.

"அம்மாவாச அண்ணன் இவரு இல்ல. அண்ணனுக்கு மூக்கு சப்ப, கன்னம் உப்பலா இருக்கும். பக்கத்துத் தறில ரெண்டு வருஷம் நின்னவன் நானு, எனக்குத் தெரியாதா?" முதல் வரிசையை, பின்வரிசையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இவங்க யாருமே நம்ம மில்லுல வேல செய்யல."

ஆகஸ்ட் 22

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். பழையதில் அம்மாவாசையின் முகம் மொத்தமே பத்துப் பன்னிரண்டு கட்டம். அதில் கண் எங்கே, மூக்கு எங்கே? சாஃப்ட்வேர் இல்லாததை எல்லாம் தானாகப் போட்டிருக்கிறது. உலகத்தில் பிறக்காத முப்பத்தெட்டு பேரை நிற்க வைத்து, கீழே உண்மையான பெயரை நான் எழுதியிருக்கிறேன்.

எப்படிப் பார்க்காம விட்டேன்? பச்ச வெளக்கு எரிஞ்சா போதுமா? மூஞ்சிடீ, மெரின்! மனுஷ மூஞ்சி!

புத்தகத்தையாவது நிறுத்தலாம். அந்த அம்மா வீட்டில் இருப்பதை என்ன செய்வேன்? அதற்குத் தினமும் பூ வைப்பார். என் ஆண்டவரே, யார் என்றே இல்லாத ஒரு ஆளுக்குப் பூ.

ஆகஸ்ட் 23, சனி

ஐயாவிடம் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்துப் போய், வாசலிலேயே அழுதேன். அவர் திட்டியிருந்தால் தேவலாம். தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கீழ முப்பத்தெட்டு பேரு பேர போட்டு வச்சிருக்கேன். மேல யாரும்மா நிக்கறாங்க?"

மன்னிப்புக் கேட்டேன். கையால் அதை ஓரம் தள்ளினார்.

"அந்தப் பதினாறு பக்கப் பாரத்த மட்டும் மறுபடி அடிச்சிடலாம். சின்னதா இருந்தா சின்னதா இருக்கட்டும், மங்கலா இருந்தா மங்கலா இருக்கட்டும். ஆனா ஆயம்மாகிட்ட நீதான் போய்ச் சொல்லணும். நான் போவ மாட்டேன்."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ரெக்ஸ் பாரிசிலிருந்து ஒருவழியாகப் பேசினார். அப்பா இருந்த வீட்டைக் காலி செய்தாயிற்றாம். ஃபிரேம் போட்ட படமெல்லாம் குப்பைக்குப் போய்விட்டதாம். பழைய போனும் இல்லை. "தெரிஞ்சிருந்தா வச்சிருப்பேன், பர்தோன்," என்று மன்னிப்புக் கேட்டார். அவர் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

அசல் படம் இந்த உலகத்தில் இல்லை. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 26

ஆறாவது பாரம், 81 முதல் 96 வரை பதினாறு பக்கம், மறுபடி அச்சாகிவிட்டது. நல்ல வேளை, புத்தக முதுகில் இன்னும் பசை போடவில்லை. பழைய மடிப்பை உருவிவிட்டுப் புதியதைச் செருகினால் போதும் என்றார் தேவதாஸ் அண்ணன். காகிதமும் கூலியும் என் பொறுப்பு.

உண்மைப் படம் ஏழு சென்டிமீட்டர் அகலம்தான் வருகிறது. ஒவ்வொரு தலையும் மிளகு அளவு. சுற்றிலும் வெள்ளையாகக் காலிப் பக்கம். என் வாழ்க்கையில் இவ்வளவு அசிங்கமான ஒரு பக்கத்தை நான் கட்டியதில்லை. அதில் பொய் இல்லை, அவ்வளவே.

நாளை பிள்ளையார் சதுர்த்தி. ஆஸ்பத்திரியில் ஆயம்மாவுக்கு விடுமுறை. நாளைக்குப் போக வேண்டும்.

ஆகஸ்ட் 27, புதன்

போனேன்.

ஒற்றை அறை. நான் கொடுத்த படத்துக்கு ஃபிரேம் போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, கதம்பம் சாத்தியிருக்கிறார். எதிரே ஒரு வாழையிலையில் கொழுக்கட்டை, சுண்டல். அந்த ஆள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். நான் செய்த ஆள்.

முழுவதும் சொன்னேன். தேவதாஸ் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். பையிலிருந்து உண்மைப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல மூஞ்சி எங்க இருக்குது?"

"தெரியாதுக்கா. ஆனா இதான் அவரு."

"குடும்பம் நடத்தனவ நானா, நீயா?"

"நீங்கதான்."

"அப்ப நான் சொல்றேன். இவருதான்." ஃபிரேமைக் காட்டினார்.

மூக்கைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். கொழுக்கட்டையை ஒரு தட்டில் வைத்து என் முன்னால் வைத்தார். பிறகு கோபமே இல்லாமல், பக்கத்து வீட்டுச் சங்கதி போலச் சொன்னார்:

"முன்னாடி கண்ண மூடனா அவரு லேசா வருவாரு, போவாரு. எப்டி இருந்தாருன்னு கேட்டா சொல்லத் தெரியாது. இப்ப பதினெட்டு நாளா இந்த மூஞ்சிதான் வருது. வேற வரல. இதையும் நீ எடுத்துகினு போய்ட்டா எனக்கு இன்னா இருக்குது?"

தட்டைக் காலி செய்துவிட்டு வந்தேன். அவருக்கு லேசாகவாவது மிச்சமிருந்த மனுஷனையும் நான்தான் துடைத்தேன். இதற்கு எந்தப் பாவசங்கீர்த்தனம் செய்வது? சாமியாரிடம் என்னவென்று சொல்வது?

ஆகஸ்ட் 28

ஒன்றும் எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வெளியீடு முடிந்தது. மில்லில் வேலை செய்தவர்கள் இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். 93ஆம் பக்கத்தைக் கண்ணருகே பிடித்து, தலைகளை எண்ணி எண்ணித் தங்களைத் தேடினார்கள். ஐயா மேடையில் என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னபோது தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

ஆயம்மா புதுப் புடவையில் வந்தார். முதல் வரிசை. துணிப்பைக்குள்ளிருந்து ஃபிரேமை எடுத்து மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டார். புத்தகத்தைக் கொடுத்தார்கள், அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவிட்டார்.

தேவதாஸ் அண்ணன் அவரை நோக்கி வந்துகொண்டிருந்தார். எழுந்து போய்த் தடுக்கலாமா என்று பார்த்தேன். அதற்குள் ஆயம்மா ஃபிரேமைத் தூக்கிக் காட்டிவிட்டார்.

"தேவா, பாத்தியா உங்க அண்ணன?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பினார்.

"ஆமா அண்ணி. அண்ணன்தான்." பிறகு, "கொஞ்சம் எளச்சாப்ல இருக்காரு."

"அப்ப ஸ்ட்ரைக்கு நேரம். சோறு ஏது?"

"அதான் அண்ணி."

இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கம்ப்யூட்டரில் அந்த முகத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. மழையில் ஈரம் பட்டு வீணாகிப் போனால் வேறொன்று எடுத்துத் தர முடியுமா என்று ஆயம்மா கிளம்பும்போது கேட்டார். தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.