மூன்று வாரம் பிந்திய பூ

சிஸ்டர், இன்று காலை எங்கள் தோட்டத்தில் காப்பி பூத்துவிட்டது. ஜன்னலைத் திறந்ததும் வாசனை முகத்தில் மோதியது. ஊரே அதைக் கொண்டாடும். எனக்கு மட்டும் முதலில் உங்கள் ஞாபகம்தான் வரும்.

நான் முதல் தடவை உண்டாகி, சுகாதார நிலையத்தில் உங்களைப் பார்க்க வந்தபோது, கடைசியாக மாதவிலக்கு எப்போது என்று கேட்டீர்கள். "காப்பி பூத்த அன்னைக்குங்க" என்றேன். கோடை மழை பெய்த சில நாளில் தோட்டம் முழுக்க ஒன்றாகப் பூக்கும்; மாரமங்கலத்தில் பெண்கள் நாங்கள் அப்படித்தான் கணக்கு வைப்போம். ஏற்காட்டில் குடியிருந்த நீங்களும் மறு கேள்வி கேட்காமல் அட்டையில் ஒரு தேதி எழுதிக்கொண்டீர்கள்.

ஆடியில் எங்கள் வீட்டுக்கே வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தீர்கள். "பதினஞ்சு வாரம். கணக்கு சரியா இருக்குது கண்ணு" என்று கிளம்பியவர், வாசல் செடியின் கிளையைப் பிடித்தபடி நின்றுவிட்டீர்கள்.

"உங்க காய் ஏன் இத்தனை சிறுசா இருக்குது? எங்கூட்டுல நல்லாப் பெருத்துருச்சே."

"அங்க பேஞ்ச மழை இங்க பேயலீங்க சிஸ்டர். எங்களுக்கு மூணு வாரம் பிந்தித்தான் பூத்துச்சு."

உங்கள் முகம் மாறியது. மறுபடி படுக்கச் சொன்னீர்கள். மூன்றைக் கழித்தால் வாரம் பன்னிரண்டுதான், வயிறோ பதினைந்தைக் காட்டியது. "தலச்சம் புள்ள, நொம்ப நல்லா வளருது" என்று மாமியார் சிரித்தார். "ஸ்கேன் பாத்துட்டுச் சிரிக்கலாமுங்க" என்றீர்கள் சுள்ளென்று. எனக்கு உங்கள் மேல் கோபம்கூட வந்தது.

மறுநாள் சேலம் பஸ்ஸில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உங்கள் கையை நெரித்தேன். நீங்களோ வழியெல்லாம் என் அட்டையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

"ரெண்டு குழந்தை" என்றார் டாக்டர். "ஆனா நஞ்சுக்கொடி ஒன்னுதான். ஒரு குழந்தையோட ரத்தம் இன்னொன்னுக்குப் போயிட்டா ரெண்டுக்குமே ஆபத்து. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கண்டிப்பா வந்துரணும்."

திரும்பும்போதுதான் காரணத்தைச் சொன்னீர்கள். "எங்கூருப் பூவ எழுதிட்டேன் கண்ணு. உங்கூருப் பூவக் கேக்கவே இல்ல." நீங்கள் அழுது அன்றுதான் பார்த்தேன்.

ஐந்தாம் மாதம் டாக்டர் பயந்தது நடந்தது. ஸ்கேனில் உடனே தெரிந்ததால் அன்றைக்கே சென்னைக்கு அனுப்பி, இரண்டு குழந்தைகளையும் காப்பாற்றினார்கள். தவணை தவறாமல் என்னை ஸ்கேனுக்கு இழுத்துப்போனது நீங்கள்தான்.

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடமாகிறது. இன்று காலை காலண்டரில் தேதியை வட்டமிட்டு, பக்கத்தில் மாரமங்கலம் என்று எழுதினேன். பள்ளிக்குக் கிளம்பிய இருவரும் ஆளுக்கொரு தோளில் தொங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"நம்மூரு பேர எதுக்கும்மா எழுதற?"

"சிஸ்டர் கேப்பாங்க சாமி" என்றேன்.