செம்புக் கம்பியை எடுத்துவிடு

ஒரகடம் கூட்டு ரோடு,
12 ஜனவரி 1981

அன்பு மகள் சகாயமேரிக்கு அப்பா லூர்துராஜ் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். அடுத்து உன் சுகத்தைக் கேட்டு எழுத வேண்டும், எப்போதும் அந்த வரியைக் கை தன்னால் எழுதிவிடும், இந்தத் தடவை பேனா அங்கேயே நின்றுவிட்டது. நீ சுகமாக இருக்கிறாயா கண்ணு? மரியாதைக்குக் கேட்கவில்லை, தெரியாமல் தவித்துப்போய்க் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் தபாலாபீசில் உனக்கு ஒரு தந்தி கொடுத்தேன். ஜெட்டில் வைத்த கம்பியை எடுத்துவிடு, கடிதம் வருகிறது என்று இங்கிலீஷில் எழுதி நீட்டினேன். கவுண்டரில் இருந்தவர் படித்துவிட்டு, இன்னா மேஸ்திரி, ஏரோப்ளேன் சமாச்சாரமா என்று ஏற இறங்கப் பார்த்தார். அதெல்லாம் இல்ல சார், என் பொண்ணு உயிர் சமாச்சாரம் என்றேன், உடனே வார்த்தையை எண்ணிக் காசு வாங்கிக்கொண்டார். தந்திக்கு முன்னால் இந்தக் கடிதம் வந்து சேர்ந்திருந்தால் மேலே படிக்காதே, முதலில் போய் அந்தக் கம்பியை எடுத்துப் போட்டுவிட்டு வந்து படி.

ஏன் என்று சொல்கிறேன். ஊரைவிட்டுப் போகிற ஒரு மீன்காரரிடம் பழைய பனிவண்டி ஒன்று வாங்கியிருப்பதாக அக்டோபரில் எழுதியிருந்தாய் அல்லவா, படம்கூடப் போட்டிருந்தாய், முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் ரைஸ்மில் பெல்ட்டைப் போல ஒரு ரப்பர் பட்டை, சக்கரமே கிடையாது. அந்தப் படத்தைக் கடைக்கு வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் காட்டினேன், ஒருத்தரும் நம்பவில்லை. உறைந்துபோன ஏரி மேலேயே பதினாலு மைல் ஓட்டிக்கொண்டு போய் அக்கரைச் சனங்களுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வருகிறாய் என்றால் யார்தான் நம்புவார்கள்? உன் அம்மா ராஜம்மா மட்டும்தான் நம்பினாள். ஏசு கூப்ட்டு கடல் மேல நடந்த ராயப்பர் சந்தேகப்பட்டுதானே தண்ணியில முங்கினாரு, நீ சந்தேகப்படாம ஓட்டுன்னு எழுதுங்க என்றாள். மருந்துப் பெட்டியை ஏற்றினால் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது, பெட்ரோலையும் குடிக்கிறது, புது சாமான் வாங்க வசதியில்லை, செலவில்லாமல் ஏதாவது வழி உண்டா அப்பா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. கனடா வண்டிக்கு ஒரகடத்து மேஸ்திரியிடம் யோசனை கேட்கிறாளே என்று நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அந்த மிதப்பில்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

நம் கடைக்கு வருகிற எல்லா டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கும் நான் செய்கிற வேலைதான் அது. கார்ப்பரேட்டரில் பெட்ரோல் போகிற பித்தளை ஜெட்டின் ஓட்டைக்குள் கரண்டு ஒயரில் உரித்த செம்புக் கம்பி ஒரு இழை விட்டால் ஓட்டை சிறுத்துவிடும், பெட்ரோல் மிச்சமாகும், இந்த வெயில் ஊரில் வண்டியும் கலகலவென்று ஓடும். வடக்குப்பட்டிலிருந்து சேரப்பணஞ்சேரி வரைக்கும் என் கம்பி இல்லாத வண்டி கிடையாது. அதையே உனக்கும் எழுதி, கம்பியையும் உறைக்குள் வைத்து அனுப்பினேன். வண்டியைக் கண்ணால் பார்க்காமல், நீ இருக்கிற குளிரைத் தோலால் அறியாமல் வைத்தியம் சொல்லிவிட்டேன்.

போன வாரம் வடக்குப்பட்டு எல்லப்பன், வாலாஜாபாத்துக்குப் பால் கொண்டுபோகிறவன், வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். மார்கழிப் பனியில சண்டி பண்ணுது மேஸ்திரி, வெயிலு ஏறினா அதுவே சரியாப் பூடுது, இன்னா பேய் புட்ச்சிகீதோ தெரியல என்றான். நான் சிரித்துக்கொண்டே கம்பியை உருவிப் பார்த்தேன், மறுநாள் விடிகாலையில் பேய் போய்விட்டது. அப்போதுதான் உன் நினைப்பு வந்தது. இந்தப் பிசாத்துப் பனிக்கே இந்தக் கதி என்றால் என் பொண்ணு இருக்கிற இடத்தில் என்ன ஆகும்?

மனசு கேட்கவில்லை. எல்லப்பன் வண்டியை வாங்கி, மறுபடி கம்பியைச் சொருகி, வாலாஜாபாத்தில் கோதண்டராமன் நடத்துகிற ஐஸ் ஃபேக்டரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பாளம் பாளமாக ஐஸ் அடுக்கியிருக்கும் ரூமுக்குள் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்தி வைக்க வேண்டும் என்றதும், லூர்து, உனக்கு மூள கீள கலங்கிப்பூட்ச்சா என்றார், ஆனாலும் கதவைத் திறந்துவிட்டுக் கூடவே நின்றார். வெளியே கலகலவென்று ஓடிய அதே வண்டி உள்ளே மூச்சு முட்டுகிறவனைப் போலத் திக்கியது, திராட்டிலை முறுக்கினால் டப் டப் என்று வெடித்தது, சோக்கை இழுத்துப் பெட்ரோலைக் கூட்டினால்தான் அந்தத் திக்கல் நின்றது. வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்தேன், கொஞ்ச நேரத்தில் பழையபடி பாடியது. இரண்டு தடவை உள்ளேயும் வெளியேயும் தள்ளிப் பார்த்தேன், இரண்டு தடவையும் அப்படியேதான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது சகாயம். குளிரில் காற்று கெட்டியாகிவிடுகிறது, இன்ஜின் காற்று இழுக்கிற அதே வாய்க்குள் அதிகக் காற்று நுழைகிறது, அதற்கு ஈடாகப் பெட்ரோல் கூட வேண்டும். முப்பது வருஷமாக இன்ஜின் பிரிக்கிறேன், காற்றுக்கும் ஒரு கனம் உண்டென்று ஒருநாள்கூட நினைத்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எடைபோட்டு வைத்திருக்கிற ஆண்டவரை நினைத்து அந்த ஐஸ் ரூம் வாசலிலேயே சிலுவை போட்டுக்கொண்டேன், கோதண்டராமனும் பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்த ஆச்சரியம் அடங்கியதும் பயம் வந்தது. அந்த ரூமில் தண்ணீர் உறைகிற குளிர்தான், உனக்கு அதற்கும் கீழே முப்பது டிகிரி. உன் இன்ஜினில் பெட்ரோலோடு கலந்துதான் ஆயில் போகிறது, பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும், வண்டி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். அந்த இடம் நடு ஏரியாக இருந்தால் என் பொண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? அம்மாவிடம் இதை இரண்டு நாள் மறைத்தேன், மூன்றாம் நாள் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆகவே கம்பியைத் தூக்கி எறி. ஜெட் ஒரு நம்பர் பெரிதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, பெட்ரோல் போனால் போகட்டும். இழுவைக்கு வேறு வழி சொல்கிறேன். சைலன்சரையும் சிலிண்டரில் புகை வெளியேறும் வாயையும் கழற்றி உள்ளே இருக்கும் கரியைச் சுரண்டு, பழைய வண்டியில் பாதி இழுவை அங்கேதான் செத்துக் கிடக்கும். இன்ஜினிலிருந்து ரப்பர் பட்டைக்கு இழுவை கொடுக்கிற பெல்ட்டின் பக்கவாட்டில் பளபளப்பு ஏறியிருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய். பட்டை உருளுகிற சின்னச் சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார், கரகரத்தால் கிரீஸ் வை. இதற்கெல்லாம் உன் உழைப்பைத் தவிர வேறு செலவில்லை. ஆனால் இதையெல்லாம் அங்கே தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டுச் செய், நான் சொன்னேன் என்பதற்காக மட்டும் செய்யாதே.

13 ஜனவரி

நேற்று இதை ஒட்டாமல் வைத்தது நல்லதாகப் போயிற்று. தெருவெல்லாம் போகிப் புகை, அதற்குள் இருமிக்கொண்டே போஸ்ட்மேன் வந்து உன் கடிதத்தைக் கொடுத்தார். டிசம்பர் பதினேழாம் தேதி போட்டது. அம்மாதான் பிரித்தாள். பிரித்ததும் உள்ளே காகிதத்தில் டேப் போட்டு ஒட்டியிருந்த செம்பு இழை மினுங்கியது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காகிதத்தோடு கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நீ எழுதியிருந்ததை இதோடு ஏழு தடவை படித்துவிட்டேன். அப்பா சொன்னாரே என்று கம்பியை வைத்தாயாம். ஆனால் ஏரியில் இறங்காமல் கரையோரமாகவே பத்து நிமிஷம் ஓட்டி நிறுத்தி, அந்தக் குளிரில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாயாம். செங்கல் நிறத்தில் இருக்க வேண்டியது சாம்பலாக வெளுத்திருந்ததாம், பெட்ரோல் போதாமல் இன்ஜின் காய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். உடனே கம்பியை உருவி, குப்பையில் கிடந்த வேறொரு வண்டியின் ஜெட்டை, நம்பர் பார்த்துப் பெரியதாக, எடுத்துப் போட்டாயாம். கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தியைச் சறுக்குக் கட்டையின் அடியில் தேய்த்தாயாம், எனக்குத் தோன்றவே இல்லையே அது. மருந்துப் பெட்டியோடு வண்டி இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது என்கிறாய்.

யார் உனக்குப் பிளக் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது என்று அம்மா கேட்டாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அது எனக்கு நன்றாகவே தெரியும். நீ பட்டறைப் பக்கம் வந்தால், பொட்டப்புள்ளைக்கு இங்க இன்னா வேல என்று வீட்டுக்குள் விரட்டியவன் நான். கடைசிப் பக்கத்தில் அதற்கும் பதில் எழுதியிருந்தாய். நீங்க சொல்லிக் குடுக்கலப்பா, ஜன்னல்கிட்ட உக்காந்து பாடம் எழுதிக்கினே நான் பாத்துக்கினு இருந்தேன் என்று. அந்த வரியைப் படித்தபோது நான் அழுதேன், அம்மா பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதேன். இதற்கு முன்னால் ஐஸ் ரூமில் நான் ஆச்சரியப்பட்டது ஒன்றுமே இல்லை சகாயம்.

அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. உனக்கு எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், யாராவது வருகிறவர் இருந்தால் எழுது. தனியாக ஏரியைக் கடக்காதே, கடந்தே தீர வேண்டுமென்றால் கிளம்புகிற நேரத்தை ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பு. வேளாங்கண்ணி மாதா உனக்கு முன்னால் போய் அந்த ஐஸைத் தாங்கிப் பிடிக்கட்டும், இந்த அப்பாவின் ஆசீர்வாதமும் அம்மாவின் முத்தமும் உன் தலைமேல் இருக்கட்டும். ஒன்றே ஒன்றை மறக்காதே. இனிமேல் கடிதத்தில் நான் சுகம் என்று நீ எழுதினால் எனக்குப் போதாது. பிளக் என்ன நிறத்தில் இருந்தது என்று எழுது, நான் தெரிந்துகொள்கிறேன்.

உன் அன்பு அப்பா,
சூ. லூர்துராஜ்